எதிர்க்கடை டயர்

சைக்கிள் டயர் விற்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: வாங்கிப் போனவன் திரும்பி வந்து திட்டுவதற்கு எப்படியும் ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசத்தை நம்பித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடி மெயின் ரோட்டில் கடை வைத்திருந்தேன். அப்போதெல்லாம் ஷிப்டு விட்டால் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சைக்கிள்தான். நாலு வருஷம் நான் ஒருவனே ராஜா. கடை வைத்து நிம்மதியாக இருந்துவிட்டு, ஒருநாள் நேர் எதிரில் அதே வியாபாரத்துக்கு இன்னொருவர் ஷட்டர் தூக்குவதைப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஷட்டர் தூக்கிய நாள்

எதிரில் வந்தவர் பெயர் ஞானப்பிரகாசம். தூத்துக்குடிக்காரர். மச்சினனுக்கு ஃபாக்டரியில் வேலை, ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். அவனை நம்பி ஊரைவிட்டு வந்தவர். திறப்பு விழாவுக்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணித் தண்ணீர் தெளித்தார். நானும் போனேன். லட்டைத் தின்றுகொண்டே சரக்கை நோட்டம் விட்டேன். வெளியே மாதிரிக்கு ஒரே ஒரு டயர் தொங்கியது. மீதியெல்லாம் பழுப்புக் காகிதம் சுற்றி, வெளிச்சம் படாத பின்னறையில், பலகை மேல் அடுக்கியிருந்தது. கடைக்காரன் சரக்கை ஒளித்து வைப்பானா? மூன்று மாசம் தாங்கமாட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே என் கடை வாசலில் கம்பி அடித்து, கூரையிலிருந்து தரை வரை ஐம்பது அறுபது டயரைச் சரம் சரமாகத் தொங்கவிட்டேன். ரோட்டில் போகிறவன் என் கடையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. வேர்த்து விறுவிறுத்து இறங்கி நின்றபோது பக்கத்து டீக்கடை காசி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "இன்னா நைனா, கடை முழுக்க வளையல் மாட்டிக்கினு கீற? யாருக்கு வளைகாப்பு?"

இரும்புச் சுருள்

முனுசாமி என் பழைய வாடிக்கை. திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினம் சைக்கிளில் போய் வருகிற லேத் ஆபரேட்டர். ரயிலில் நசுங்குவதற்கு மிதிப்பதே மேல் என்பார். எஸ்டேட் ரோட்டில் பட்டறைக் கழிவு ஏற்றிப் போகிற வண்டிகள் இரும்புச் சுருளைச் சிந்திக்கொண்டே போகும். அதில் ஏறி ஏறி வாரத்துக்கு இரண்டு பஞ்சர். "நல்லதா ஒண்ணு குடு நைனா" என்றார். கடையிலேயே முரட்டு டயரை எடுத்துக் கொடுத்தேன். ஆழமான பள்ளம் பள்ளமாக, டிராக்டர் டயர்போல இருக்கும். பார்த்தாலே பயமாக இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு பஞ்சர் மூன்றானது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், அவர் சைக்கிள் எதிர்க்கடையில் தலைகீழாக நிற்கிறது. பக்கத்தில் ஞானப்பிரகாசம் குந்தி உட்கார்ந்து, ஊசியால் என் டயரின் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருந்தார். நான் காற்றே தேவைப்படாத ஒரு சைக்கிளுக்குப் பம்பு அடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் எடுத்த எடுப்பில் டயரைக் காட்டமாட்டார் அவர். எந்த ரோடு, எத்தனை மைல், கேரியரில் என்ன சுமை என்று டாக்டர் மாதிரி கேட்பார். அதைப் பார்க்கும்போது அவர் கேள்வி கேட்பது முனுசாமியை அல்ல, என்னை என்று தோன்றும். காது சுடும்.

ஒரு மாசம் பஞ்சரே இல்லை. தாங்க முடியாமல் முனுசாமியை நிறுத்தி விசாரித்தேன். "உன் டயர் பள்ளத்துல சுருள் மாட்டிக்குது நைனா. வண்டி சுத்தச் சுத்த உள்ள போயிக்கினே கீது. அண்ணாச்சி பள்ளம் கம்மியா, கெட்டியா ஒண்ணு போட்டாரு. அதுக்குள்ள, கம்பிய அறுத்துட்டு ஒரு பழைய டயர சொருகிட்டாரு. டயருக்கு உள்ள டயரு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, பெடலில் கால் வைத்தபடி ஆறுதல் சொன்னார்: "போன வருசம் நீ குடுத்த டயரும் வீணாவல நைனா, உள்ளாரதான் கீது."

ஒற்றை டயர்

இரண்டு டயர் கேட்டு வருகிறவனுக்கு ஒன்றை மட்டும் விற்று அனுப்புகிற வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு எதிரிலேயே ஒருவர் இருந்தார். பின்சக்கர டயர்தான் சீக்கிரம் தேயும். ஞானப்பிரகாசம் முன்சக்கரத்து டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, புதுசு ஒன்றை முன்னால் மாட்டுவார். "பின்னாடி வெடிச்சா நின்னுருவிய. முன்னாடி வெடிச்சா விழுந்துருவிய" என்று தூத்துக்குடி இழுவையில் சொல்வது ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்கும். பைத்தியக்காரன் என்று நினைத்தேன். ஆனால் அங்கே நிற்கிற சைக்கிள்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகளுடைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். முன் டயர் புதுசு. என் கடைச் சரக்கு இல்லை. பழைய முன் டயர் ஒழுங்காகப் பின்னால் உட்கார்ந்திருந்தது. யாருடைய கைவேலை என்று கேட்கவே வேண்டாம். அடுப்படிக்குப் போய் நின்றேன். என் மனைவி தனலட்சுமி திரும்பிப் பார்க்காமல் குழம்பைக் கிளறினாள். "லாரி போற ரோட்டுல பொண்ணு போறா" என்றாள். "டயர் கடைக்காரன் பொண்டாட்டி எதிர்க்கடையில போய் டயர் வாங்கினா ஊர் என்ன சொல்லும்?" என்று கத்தினேன். கரண்டியைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லைங்க. உங்க டயர் மேலதான் இல்ல."

வேளாங்கண்ணிக்கு எட்டுப் பேர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் விளையாட்டாகிவிடும்.

குவார்ட்டர்ஸில் மார்ட்டின் என்று ஒரு வெல்டர் இருந்தான். பிரசவத்தில் பிழைப்பாளா என்றிருந்த மனைவி பிழைத்து வந்ததால், கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி வரை சைக்கிளிலேயே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தான். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். துணைக்கு ஏழு பேர் சேர்ந்துகொண்டார்கள். எட்டுச் சைக்கிள், பதினாறு டயர். முதலில் என்னிடம்தான் வந்தார்கள். விலை கேட்டுவிட்டு, "எதிர்ல அண்ணாச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றோம்ணே" என்று மார்ட்டின் கிளம்பினான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் என்னவோ அறுந்தது. "தாராளமா கேளு. டயரை ஏன் பேப்பர் சுத்தி இருட்டுல வெச்சிருக்காருன்னும் கேளு. எல்லாம் பழைய ஸ்டாக்கு தம்பி. வெடிப்பு வெளிய தெரியக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்காரு" என்றேன். அத்தனையும் பொய்; வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும் என்றுதான் அவர் மூடி வைத்திருந்தார். அவன் எதிர்ப்பக்கம் போகவே இல்லை.

பதினாறையும் வாசலில் தொங்கிய சரத்திலிருந்துதான் இறக்கினேன். இரண்டு கோடை வெயில் குடித்த டயர்கள். ஒன்றை வளைத்துப் பார்த்தபோது பக்கவாட்டில் முடிபோல வெடிப்பு ஓடியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. எதிர்க்கடைக்காரர் பார்க்கும்படி நடு வாசலில் வைத்தே எட்டுச் சைக்கிளுக்கும் மாட்டி அனுப்பினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மூன்றாம் நாள் சேதி வந்தது. கடலூர் தாண்டி ஒரு பாலத்து இறக்கத்தில் மார்ட்டினுடைய முன் டயர் பக்கவாட்டில் கிழிந்து வெடித்திருக்கிறது. எதிரே வந்த லாரிக்கு முன்னால் போய் விழுந்தான். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றதால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு கடை வழியாகப் போனால் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வேன்.

பத்து நாள் கழித்து மார்ட்டின் வந்தான், கை தூளியில். கூட வந்தவர்கள் அவனைக் கேரியரில் மாற்றி மாற்றி உட்கார வைத்தே வேளாங்கண்ணி வரை கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவன் ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டே வந்ததில் அவன் சைக்கிளும் போய்ச் சேர்ந்தது. கிளம்பிய காலையில் ஞானப்பிரகாசம் கோயில் வாசலில் வந்து, ஒரு புது டயரை மூன்று வளையமாக மடித்துக் கட்டி, "வழிக்கு இருக்கட்டும்" என்று கொடுத்தாராம். அதை மாட்டித்தான் உருட்டியிருக்கிறார்கள். அடிக்கப் போகிறான் என்று நின்றேன். சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியில் மாதா கோயில் எண்ணெயும் ஒரு மெழுகுவத்தியும் எடுத்து மேசைமேல் வைத்தான். "அந்த டயர்ல தேங்காண்ணெ வாசம் அடிச்சுதுண்ணே" என்றான். பிறகு மெழுகுவத்தியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கும் சேர்த்துத்தான் மண்டி போட்டேன்."

ரோட்டைத் தாண்டினேன்

சரத்தில் மிச்சமிருந்த டயர் அத்தனையையும் அன்றே இறக்கிக் கத்தியால் அறுத்துப் போட்டேன். புதுச் சரக்கு வரவழைத்து எட்டுப் பேருக்கும் மாற்றிக் கொடுத்தேன். மார்ட்டின் மட்டும், "அண்ணாச்சி குடுத்தது நல்லாத்தான் ஓடுது" என்று பின்சக்கரத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டான்.

பிறகு எதிர்க்கடைக்குப் போனேன். லட்டு தின்ற நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் படி ஏறினேன். ஞானப்பிரகாசம் முக்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. "உங்க சரக்கு பழசுன்னு மார்ட்டின்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன். அவர் ஒரு ரிம்மைச் சுழலவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "தெரியும்லா. அன்னைக்கு சாயங்காலமே காசி சொல்லிட்டான்" என்றார். "அப்ப ஏன் என்கிட்ட வந்து கேக்கல?" என்றேன். ரிம்மை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கோபமாகவாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெகுளியாகச் சொன்னார்: "எதுக்கு அண்ணாச்சி? நீங்க பழசுன்னு சொன்னதுலேர்ந்து வெடிப்பு பார்க்க தினம் நாலு பேரு வந்தாவ. பார்த்தவிய எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாவ."

ஒரு மாசத்து அறிவிப்பு

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஞானப்பிரகாசத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு மாசம் பாரம் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது. ஷட்டரில் ஒரு அட்டை தொங்கியது: "டயர் வேண்டுவோர் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்ளவும்." அந்த எழுத்தை நின்று இரண்டு தரம் படித்தேன். உடனே, 'நானாக இருந்தால் இப்படி எழுதி மாட்டியிருப்பேனா?' என்று ஒரு கேள்வி வந்து குத்தியது. அவருடைய நல்ல மனசுமேல்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது.

அந்த மாசம் நான் வேலை செய்ததுபோல என் ஆயுசில் செய்ததில்லை. அட்டையைப் பார்த்து வந்தவர்களில் கிரேஸ் என்று ஒரு நர்சம்மா. பூந்தமல்லி தாண்டி திருமழிசைப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போட லேடீஸ் சைக்கிளில் போய் வருபவர். பாதி தார் ரோடு, பாதி வரப்பு, கூடையில் ஐஸ் பெட்டி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். வரப்பில் வழுக்காமலும் ஹைவேஸில் இழுக்காமலும் இருக்கிற மாதிரி, நடுவில் வழவழப்பும் ஓரத்தில் பள்ளமும் உள்ள நைலான் டயராகத் தேடி எடுத்தேன். தார் உருகுகிற வெயிலில் காற்றைக் கல்லுபோல அடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து நர்சம்மா, வேண்டுமென்றே கடை முன்னால் பெல் அடித்து இறங்கினார். ஒரு பஞ்சர் இல்லை, ஒரு சறுக்கல் இல்லை, இவ்வளவு நல்ல டயர் இதுவரை ஓட்டியதில்லை என்றார். ஏழு வருஷமாக அந்த வார்த்தைக்குத்தான் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உட்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்று காசியைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் எதிரே மூடிக் கிடந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீயெல்லாம் வேணாங்க, அவரு எப்ப கடை தொறக்கிறாரு?"

ஒரு டயர் எத்தனை மைல் ஓடும் என்று கேட்டால் கிள்ளிப் பார்த்துச் சொல்லிவிடுவேன், பொறாமை எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை அது ஒன்றுதான் இன்னும் தேயவில்லை.