மூளி எஞ்சின்

வேதமுத்துவை யாருக்கும் பிடிக்காது. செத்தவனைப் பற்றி எழுதும்போது தங்கமான மனுஷன் என்று ஆரம்பிப்பது வழக்கம். அவன் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. வெறும் இரும்பு. ஆவடிக்கு மேற்கே ஒரு கம்பெனி ஷெட்டில் விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர். அறுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. அந்தக் கம்பெனியிடம் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற சின்ன விமானங்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே எஞ்சின், உட்கார ஒரே ஒரு பைலட். பனைமர உயரம்கூட இல்லாமல் நெற்பயிரை உரசிக்கொண்டு போகும். அங்கே எஞ்சின் நின்றால் யோசிக்க நேரம் கிடையாது.

அதனால்தான் அந்த எஞ்சினுக்கு ஒரு ஆயுள் வைத்திருக்கிறார்கள். இத்தனை மணி நேரம் ஓடிவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கிவிட வேண்டும். கடைசி நட்டு வரை பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். அதற்குப் பேர் ஓவரால். 'மணி முடிஞ்ச எஞ்சின்' என்றால் ஷெட்டில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடப் புரியும். மேனேஜர் வீரராகவனுக்கும் புரியும். ஆனால் சம்பாவில் பூச்சி விழுகிற சமயத்தில் விமானம் தரையில் நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

"ஓடற எஞ்சினை எதுக்குத் தொறக்கணும்? நல்லா நடமாடற மனுஷனைப் பிடிச்சு ஆபரேஷன் பண்ணுவாங்களா?" என்பார்.

அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பிரித்துப் பூட்டின கையோடு மக்கர் செய்கிற எஞ்சின்கள் உண்டு. ஒரு ரிங் கோணலாக உட்கார்ந்தால் போதும்.

"ஆபரேஷன் வேணாம்னா வுட்ருங்க சார். போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கலாம்," என்றான் வேதமுத்து.

அந்த வருஷம் மூன்றுமே மணி முடிந்து ஓடின. வீரராகவன் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டிக்கொண்டே போனார். வேதமுத்து ஒரு காலையில் ஒரு விமானத்தின் விசிறிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சங்கத்தைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. அவன் புத்தி அப்படி. கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார்.

"சரி, இது ஒண்ணைத் தொறந்துக்கோ. ஒழுங்கா ஓடினா மத்த ரெண்டையும் தொறக்கலாம். ஓடலைன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. அந்த ஒரு எஞ்சின் மேல்தான் மற்ற இரண்டும், அவற்றில் பறக்கிற பைலட்டுகளின் உயிரும் தொங்கின.

வேதமுத்துவுக்குக் கூடமாட வேலை செய்தவன் துலுக்கானம். வேப்பம்பட்டில் கூலிக்கு ஏர் ஓட்டின குடும்பம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வேதமுத்து ஒரு நாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் வேப்பம்பட்டு" என்பான். அவன் "இன்னா அண்ணாத்தே" என்று ஓடி வருவான். இருவருமாகப் பிரித்து, பூட்டி, விமானத்தில் ஏற்றி, தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். பிசிறில்லாமல் ஓடியது. எஞ்சினை மறைக்கிற தகர மூடியை மாட்டி, கழலாதபடி கம்பி முறுக்கி வைத்தார்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. லேத்துக்குப் பொட்டு, டிரில்லுக்குப் பொட்டு, ஆயில் டின்னுக்குக்கூடப் பொட்டு. சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர்களை வேதமுத்து தன் விமானத்துக்கு அருகிலேயே விடவில்லை.

மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற முனியம்மா கேட்டாள். "ஏன் நைனா, ஒரு பொட்டு வச்சா உங்க ஏசு கோச்சிக்குவாரா?"

"எஞ்சினுக்கு எந்த சாமியும் கெடையாது. ஆயில்தான் சாமி."

"அல்லாம் மங்களமா கீது. இது மட்டும் மூளியா நிக்குதே."

"மூளியாவே ஓடும், போ," என்று சொல்லிவிட்டு, பொரிகூட வாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

லீவு முடிந்து முதல் பறப்பு. பைலட் கங்காதரன். வேப்பம்பட்டைத் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி முழுக்க ஆயில் அடித்தது. பிறகு எஞ்சின் இறுகி நின்றது. கங்காதரன் கண்ணை இடுக்கிக்கொண்டு வற்றின ஏரிக்குள் இறக்கினான். சக்கரம் கருவேலங்கட்டையில் மாட்டி, விமானம் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டது. அவனுக்குத் தொடை எலும்பு போனது, உயிர் தங்கியது.

மூளி எஞ்சின் அப்படித்தான் காவு கேட்கும் என்றது ஷெட். தொறந்த எஞ்சின் அப்படித்தான் கெடும் என்றார் மேனேஜர். காரணம் இரண்டு, குற்றவாளி ஒருவன்.

"நீ தொறக்காத ரெண்டும் பறக்குது. நீ தொறந்தது ஏரியில கெடந்துது," என்றார் வீரராகவன். "பிரிச்சுக் காட்டு. உன் கைவேலைதான் தப்புன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குக் கிளம்பு. இனிமே இங்க ஓடற எஞ்சினை எவனும் தொட மாட்டான்."

பிரித்தார்கள். முன்பக்க ஆயில் சீல் பிதுங்கி வெளியே வந்திருந்தது. அந்த வழியாகத்தான் ஆயில் மொத்தமும் ஓடியிருக்கிறது. சீலை உட்கார வைத்தவன் துலுக்கானம். வேதமுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை வீசி அறைந்தான். ஷெட் மொத்தமும் பார்த்தது.

"கோணலா அடிக்காதேன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே, வேப்பம்பட்டு."

துலுக்கானம் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு எதிரே முனியம்மா மூச்சுக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். எஞ்சினுக்குள் சேருகிற புகையும் ஆவியும் வெளியே போவதற்கான குழாய் அது. அதன் வாய் மட்டும் மூடிக்குக் கீழே விரல் நீளம் எட்டிப் பார்க்கும். சேறு அடைத்திருந்ததால் கம்பியை விட்டுக் குத்தினாள். சேறு வந்தது. அதன் பின்னால் மஞ்சளாக, கல் மாதிரி ஒரு கட்டி வந்து விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னாது இது? சந்தனமா கீது."

வேதமுத்து அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினான். கோந்தும் மரத்தூளும் கலந்த கடைச் சந்தனம், காய்ந்தால் சிமெண்டு. எஞ்சினுக்கு மூச்சு அடைத்துவிட்டது. உள்ளே ஏறின அழுத்தம் சீலைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது. சீல் கோணல் இல்லை. கைவேலையில் தப்பில்லை.

டிரம்கள் அடுக்கிய மூலைக்குத் துலுக்கானத்தை இழுத்துப் போனான்.

"நீயா?"

"நான்தான் அண்ணாத்தே. அல்லாரும் கண்டபடி பேசிக்கினு இருந்தாங்க. உன் எஞ்சின் ஒண்ணு மட்டும் மூளியா நின்னுச்சி, மனசு கேக்கல."

"மூடி மேல தடவித் தொலைக்க வேண்டியதுதானே."

"மூடி தகரம். எஞ்சினத் தொட்டு வைக்கணும்னு பாத்தேன். கம்பி முறுக்கி வச்சிட்டே. அந்தக் கொழா மட்டும்தான் வெளிய இருந்திச்சி. கட்டை வெரலால அமுக்கி வச்சேன். நீ ஊட்டுக்குப் போனப்புறம்."

"உன்ன இப்ப இன்னா செய்றது?"

"அட்ச்சிட்டே இல்ல. அத்தோட வுடு. புள்ளைங்க கீது அண்ணாத்தே."

வேதமுத்து கட்டியை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். வாசலில் ஷெட்டே கூடிவிட்டது. வீரராகவன் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் வச்சது?"

"யாரு வச்சா இன்னா சார். எஞ்சின் வேலை சரி. மத்த ரெண்டையும் தொறங்க."

"பேர் இல்லாத சந்தனத்தை முதலாளி நம்ப மாட்டார். மாட்டிக்கிட்டதும் நீயே திணிச்சு வச்சுக் கதை விடறேன்னுதான் சொல்வார். நானும் அதையேதான் சொல்வேன். பேரைச் சொல்லு, ரெண்டையும் நாளைக்கே இறக்கறேன். இல்லைன்னா ரெண்டும் பறக்கும். நீ நட."

வேதமுத்து வாசல் பக்கம் திரும்பினான். கூட்டத்தில் துலுக்கானம் நின்றிருந்தான். அவன் கன்னத்தில் ஐந்து விரலும் இன்னும் தெரிந்தன.

"துலுக்கானம்," என்றான்.

அன்றுதான் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது.

துலுக்கானத்துக்கு அன்றே சீட்டு கிழிந்தது. சங்கம் கத்தியது, மனு கொடுத்தது, ஒன்றும் நடக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று வேதமுத்துவைச் சொன்னார்கள். காட்டிக்கொடுத்தவன்தான், அதை மழுப்பிப் பிரயோஜனமில்லை. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். முனியம்மா அவன் கொடுக்கிற சாமானை மட்டும் கடைசியில் கழுவினாள். அவன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மணி முடிந்த இரண்டு எஞ்சினையும் தன்னந்தனியாகப் பிரித்தான்.

மழை விட்ட ஒரு ஞாயிறு, கோயிலுக்குப் போகாமல், வேலப்பன்சாவடிக்கு சைக்கிள் மிதித்தான். அங்கே ஒரு லாரிப் பட்டறையில் துலுக்கானம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். லாரிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"நான்தான்," என்றான் வேதமுத்து.

"பாத்தேன். அந்த செருப்பு வேற யாருக்குக் கீது? வெளிச்சத்த மறைக்காத."

வேதமுத்து ஒதுங்கி நின்றான். "ரெண்டையும் தொறந்தாச்சி. ஒண்ணுல நடுத்தண்டு விரிசல் வுட்டிருந்தது. அடுத்த தபா மேல போயிருந்தா ரெண்டா ஒடிஞ்சிருக்கும்."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

"அப்ப ஒருத்தன் பொழச்சான். நல்லதாப் போச்சி. கெளம்பு."

வேதமுத்து சைக்கிளைத் திருப்பினான். நாலடி போய் நின்றான்.

"துலுக்கானம்."

"வேப்பம்பட்டுன்னே கூப்புடு அண்ணாத்தே," என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல். "நீ பேர் சொல்லிக் கூப்ட்டா எனக்கு வேல பூடும்."