கப்பல் மாறினால் தாரும் மாறும்

விழுப்புரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் போன் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சலீம் அண்ணன் பேசினார். ஜமீலா அக்காவின் தம்பி. "அக்கா மௌத்தாயிட்டாங்கம்மா. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். பஸ் ஓடுதான்னு விசாரிச்சுக்கினு வாங்க," என்றார். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் அந்த வாரமும் சாலை மறியல் இருந்தது. சாவுச் செய்தியோடு பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிற காலம் இது.

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இதய வால்வில் பழுது. நாற்பதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. சாலை ஆய்வுக்கூடத்தில் அவருடன் வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் ஜமீலா மேடம். பக்கத்து மேசையில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு அக்கா. இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் ஒன்று பாதியாக நின்றுபோயிருக்கிறது.

தார் பீப்பாய்கள் வந்து இறங்கினால் சான்றிதழில் தர எண்ணைப் பார்த்துவிட்டு நாம் கையெழுத்துப் போடுவோம். அக்காவுக்கு அது போதாது. "எந்த ஊரு எண்ணெய்ல வந்துச்சாம்?" என்று கேட்பார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் பிரிந்த பிறகு அடியில் தங்குவதைத்தான் நாம் சாலையில் ஊற்றுகிறோம். ஒரு நாட்டு எண்ணெயில் மெழுகு அதிகம். இன்னொன்றில் கனத்த, பிசின் போன்ற பொருள் அதிகம். ஆலையில் எவ்வளவு வடித்தார்கள், காற்றை ஊதி இறுக்கினார்களா என்பதைப் பொறுத்தும் குணம் மாறும். ஊசி இறக்கி மென்மையைப் பார்த்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். வெயிலில் ஒன்று நிற்கும், மற்றொன்று கசியும். "கப்பல் மாறினா தாரும் மாறும்," என்பார்.

சாதியையும் பிறப்பையும் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் கிளார்க் கோவிந்தன், "பாருங்கய்யா, பொறப்புலதான் எல்லாம்னு மேடமே சொல்லிட்டாங்க," என்று சீண்டினார். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் சொன்னது பீப்பாய்க்குங்க. நீங்க இன்னா, பீப்பாயா?" கோவிந்தனுக்கு நல்ல தொந்தி. அவரும்தான் சிரித்தார்.

அந்தக் கோடையில் கரியாலூர் மலைச்சாலையில் புதிதாகப் போட்ட தார் கெட்டது. மதியத்தில் வளைவுகளில் கசிந்து செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. விடியற்காலைக் குளிரில் வெடித்தது. வேலையை நடத்தியவர் நைனார்பாளையத்து மேஸ்திரி ஏழுமலை. மறியலில் கைதாகி வெளியே வந்திருந்தார். "மரத்தை வெட்டி ரோட்ல போட்டவன் ரோடா போடுவான்? பழைய ஆயிலைக் கலந்துட்டான்," என்றார் அப்போதிருந்த பொறியாளர். வேலை நடந்த இடத்தில் திறந்து கிடந்த பீப்பாயிலிருந்து சோதனைக்கு மாதிரி வந்தது. நல்ல தாரை இழுத்தால் நூலாக நீளும். இது சட்டென்று அறுந்தது. 'கலப்படம் இருக்கலாம்' என்று அக்கா எழுதிக் கையெழுத்திட்டார். மேலே போய்ச் சேர்வதற்குள் அதில் 'இருக்கலாம்' காணாமல் போயிற்று. ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்துக் கிடங்கில் அதே லோடில் வந்த பீப்பாய்கள் சீல் உடைக்காமல் இருப்பதை அக்கா பார்த்தார். ஒன்றைத் திறக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். அதுவும் அறுந்தது. ஆலைக்குப் போன் செய்தார். சமீபத்தில் வேறு எண்ணெய் எடுக்கிறோம், மெழுகு கொஞ்சம் கூடுதல், தர எண் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். யாரும் எதையும் கலக்கவில்லை. பூமிக்கு அடியிலிருந்தே அது அப்படித்தான் வந்திருந்தது.

அக்கா போனை வைத்தார். பிறகு, "எண்ணெய் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காம, ஆளு எங்கேருந்து வந்தாருன்னு பாத்துட்டேன்," என்றார்.

அவர் அறிக்கையைத் திருத்தி அனுப்பியது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அக்காவும் நானும் நைனார்பாளையம் போனது தெரியாது. ஏழுமலை லாரியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனது தப்புங்க, ஏழுமலை. மேல திருத்தி அனுப்பிட்டேன்."

அவர் தோளிலிருந்த மூட்டையை இறக்காமலே கேட்டார். "மேல திருத்திட்டீங்க. கீழ? கலப்பட மேஸ்திரின்னு பேராயிடுச்சு. எஞ்செட்டு ஆளுங்க ஒருத்தனும் கூட வரமாட்றான். வூடு வூடா போயி சொல்வீங்களா மேடம்?"

குத்திக்காட்டத்தான் கேட்டார்.

"மொதல்ல எந்த வூடு?" என்றார் அக்கா.

நல்ல வெயில். நாலு வீட்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். போகலாம் வாங்க என்று நான் இழுத்தும் கேட்கவில்லை. ஒரு வீட்டில், "இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று மோர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டு அம்மாள், "ஆபீசருங்க தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்க, இன்னொரு தபா சொல்லுங்க," என்று சிரித்தார். அக்கா இன்னொரு தடவை சொன்னார். தெருக்கோடி வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார்: "ஏழுமலை ஒண்ணுமே கலக்கலைங்க. தப்பா எழுதுனது நான். எம்பேரு ஜமீலா."

கதவு திறக்கவில்லை. திரும்பும்போது, "கேட்டிருப்பாங்களாக்கா?" என்றேன்.

"தெரியல," என்றார்.

அடக்கத்தன்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஓடியது. பெண்களோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். கபர்ஸ்தானில் அடக்கம் முடித்துத் திரும்பிய ஆண்களுக்குப் பின்னால் ஏழுமலை தெருவில் நின்றார். நான் வெளியே வந்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"செட்டு சேந்துடுச்சும்மா. ஒரு காண்ட்ராக்டர்கிட்ட வேலை போய்க்கினு இருக்குது. அந்தக் கோடி வூடு மட்டும் வரல. மேடத்துகிட்ட சொல்லணும்னு இருந்தேன். மறியலு, பஸ் இல்லைன்னு நாள் போயிடுச்சு." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்காவின் பொருட்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளும்படி சலீம் அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றேன். அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோடி வீட்டைத்தான். மறியல் ஓய்ந்ததும் போகப்போகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் சொல்லிவிட்டு வருவேன்.