பக்கத்து வீட்டு அக்காவின் கண்

என் நான்கு வயது மகளுக்கு ஓயாத வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம். சாப்பிடும்போது யாரோ கண்வைத்ததால் வந்த கொதி என்று நம்பி, தண்ணீர் ஓதுவித்துக் கொடுத்தேன்.

பிள்ளையில்லாத பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: "பால்மா குடிச்சாத்தான் பிள்ளைக்கு வயித்தால போகுது, தங்கச்சி. டொக்டரிட்டச் சொல்லுங்கோ."

"அவளின்ர வாயையே நீங்கள் பாத்துக்கொண்டிருந்தா கொதிபடாமல் என்ன செய்யும்?" என்று குழாயடியில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

மகள் எலும்பும் தோலுமான பிறகுதான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டொக்டர் பால்மாவை நிறுத்திப் பார்த்தார், குத்தும் நின்றது. பால் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றார்.

மன்னிப்புக் கேட்க மகளோடு போனேன். அக்கா எனக்கு இருக்கக் கதிரை போட்டார், அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தார். அவள் கடித்ததும், சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"பிள்ளை சாப்பிட்டு முடியட்டும்."

அந்த முதுகிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.