ஒன்றாம் நம்பரும் ஒரு டாப் பட்டனும்

எனக்குப் பொறுமை கிடையாது. லிப்ட் வரும்வரை நிற்க மாட்டாமல் நாலு மாடி ஏறுகிறவன் நான். கொம்பியூட்டரிலும் அப்படித்தான். ஒரு தளத்துக்குள் நுழைய மவுஸைத் தேடும் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொன்ட்ரோல் பட்டனோடு எல், தளத்தின் முதல் இரண்டு எழுத்து, என்டர். பெயர், டாப், பாஸ்வேர்ட், என்டர். ஆறு செக்கனில் உள்ளே நிற்பேன். என் மனிசி இதை ஒரு திறமையென்று ஒத்துக்கொண்டதே இல்லை. "மிச்சம் பிடிச்ச செக்கன் எல்லாத்தையும் எங்க வச்சிருக்கிறியள்?" என்று கேட்பாள்.

போன வருடம் நான் வேலை பார்த்த கம்பனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஏழு மாதம் வெள்ளவத்தை பிளாட்டுக்குள் சும்மா இருந்தேன். கடைசியில் ஓரிடத்தில் வேலை சரிவந்தது. பிரஷர் ஒழுங்காக இருக்கிறது என்று டொக்டரின் கடிதம் மட்டும் சேரும் நாள் காலை கொண்டுபோக வேண்டும். இதையும் விட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அதற்கு முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பதிவு திறந்ததும் இணையத்தில் டொக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்தேன். ஒன்றாம் நம்பர் எனக்கு. மனிசிக்குப் பெருமையாகக் காட்டினேன். "நாலு மணிக்கு வரச் சொல்லிக் கிடக்கு," என்றாள், அவ்வளவுதான்.

நாலுக்கே போய்விட்டோம். டொக்டர் வர ஆறரை ஆகிவிட்டது. ஒன்றாம் நம்பர்க்காரன் நான் இரண்டரை மணித்தியாலம் பிளாஸ்டிக் கதிரையில் காய்ந்தேன். இருபதாம் நம்பர்க்காரர் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இருந்து ஆறேகாலுக்கு வந்து பேப்பரை விரித்தார். "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு," என்றாள் மனிசி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டொக்டருக்கு அறுபது தாண்டியிருக்கும். என் கையில் பட்டியைச் சுற்றி, மெஷினைத் தட்டிவிட்டு, என் விபரம் பதியக் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினார். புதிதாக வாங்கிப் பூட்டியதாம். ஒற்றை விரலால் தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். பிறகு மவுஸைத் தேடினார். அது கடதாசிகளுக்குக் கீழே கிடந்தது. பிறகு திரையில் அம்புக்குறியைத் தேடினார். பாஸ்வேர்ட் பெட்டியைப் பிடித்து, மறுபடி ஒற்றை விரல். பிழை என்று வந்தது. திரும்பவும் பெயரில் இருந்து தொடங்கினார். பட்டி என் கையை இறுக்கியது. நான் பல்லை இறுக்கினேன்.

மெஷின் கூவியது. நூற்று அறுபத்துநாலு.

"இதோட கடிதம் தரேலாது," என்றார் டொக்டர். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

வேலை கையை விட்டுப் போகிறது. அந்த நேரத்திலும் அவர் கை மறுபடி மவுஸுக்குப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டொக்டர், குறை நினைக்காதேங்கோ. பெயர் அடிச்சாப் பிறகு மவுஸ் வேண்டாம். இடப்பக்கம் டாப் எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அமத்துங்கோ. பாஸ்வேர்ட் அடிச்சிட்டு என்டர்."

அமத்தினார். குறி தானாகப் பாஸ்வேர்ட் பெட்டிக்குத் தாவியது. பாஸ்வேர்டை அடித்து என்டரும் அடித்தார். உள்ளே போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் டொக்டர்."

எனக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. ஐந்து நிமிடம் இருக்கவைத்து மறுபடி அளந்தார். நூற்று முப்பது. நம்பாமல் இன்னொரு தரமும் அளந்து பார்த்துவிட்டுக் கடிதத்தை எழுதித் தந்தார். நான் எழும்பப் போக, "நில்லுங்கோ, மறந்துபோவன்," என்று கொம்பியூட்டரில் வெளியேறி, மறுபடி நுழைந்தார். பெயர், டாப், பாஸ்வேர்ட், என்டர். பிறகு இன்னொரு தரம். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்தால் இரண்டாம் நம்பர் பெண்மணி முகம் சிவந்து நிற்கிறார். "ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமோ? எனக்கு இப்ப பிரஷர் ஏறியிருக்கும்."

"அவசரப்படாதேங்கோ அக்கா," என்றேன்.

மனிசி கதிரையில் இருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.