குண்டுக்கு ஓங்கிய தேங்காய்

பீரங்கிக் குண்டுக்குப் பூசை போட்ட முட்டாள் உலகத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான்.

ஆந்திரா தனி மாநிலமாகி, மதராஸோடு எல்லை பிரிக்கச் சத்தியவேடு பக்கம் அளந்துகொண்டிருந்த காலம். நான் சர்வே குமாஸ்தா. சங்கிலியை நீட்டுமுன் எல்லைக்கல்லுக்குத் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அன்று, மழை அரித்த மேட்டில் முழ நீளத்தில் ஒன்று சாய்ந்து நின்றது. மஞ்சள் உடம்பு, கழுத்தில் சிவப்பு வளையம். மஞ்சளும் குங்குமமும் பூசிய பழைய எல்லைக்கல் என்றே முடிவுகட்டிவிட்டேன். கல்லுக்கு எதற்குப் பித்தளை மூக்கு என்று என் மூளை கேட்கவில்லை. அதன் தலையில் ஒரு போடு போட்டேன். தேங்காய் உடையவில்லை. மறுபடி ஓங்கினேன்.

“கைய எறக்காதே! அப்பிடியே நில்லு!”

பக்கத்துக் கழனியில் ஏர் ஓட்டிய ஹவில்தாரின் குரல். யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்து திரும்பியவர், என் வயதுதான். ஓடி வந்து, என் காலடியில் குப்புறப் படுத்தார்.

“இன்னாய்யா, மஞ்சா குங்குமமா தெரியுதா உனக்கு? பெயிண்டுய்யா! செகப்பு வளையம் போட்டா உள்ள மருந்து ரொம்பிக் கீதுன்னு அர்த்தம்.”

தேங்காய் நழுவினால் நேரே அந்த மூக்கின்மேல்தான் விழும். என் விரல்களோ வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தன. ஹவில்தார் அடிப்பக்க மண்ணை மெல்ல ஊதினார். செம்புப் பட்டை ஒன்று தெரிந்தது. அதில் சாய்வான கீறல்கள்.

“கோடு விழுந்துகீது. பீரங்கிக் கொழாயில பூந்து வந்த கோடு. யுத்தத்துல பட்டாளம் இங்கதான் சுட்டுப் பழகிச்சி.”

“அப்போ சுட்டு முடிஞ்சதுதானே?” என்று பல்லிளித்தேன்.

“சுட்டாச்சி, வெடிக்கல. மூக்கு அப்பிடியே குந்திக்கினு கீது பாரு. சுட்டப்புறம் மூக்கு முழிச்சிக்கும், லேசா தட்டினாலே வெடிக்கும். இதுக்குச் சுடாத குண்டே தேவல.”

எழுந்து, இரண்டு கைகளாலும் என் தேங்காயை வாங்கிக்கொண்டார். “பின்னாலயே போ. காலத் தேய்க்காதே.” அந்த இருபது அடிக்குள் திருப்பதிக்கு மூன்று மொட்டை வேண்டிக்கொண்டேன். இருப்பதோ ஒரு தலை. மறுநாள் பட்டாளத்தார் வந்து அதை வெடிக்க வைத்தபோது, அரை மைலுக்கு அப்பால் நின்ற எங்கள் காலடி மண்ணும் அதிர்ந்தது.

இன்றும் கோயிலில் தேங்காயை ஓங்கினால் கை அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. மனைவிதான் பிடுங்கி உடைப்பாள். அப்போதெல்லாம், அன்று இருபது அடி தள்ளி வந்ததும் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வரும்.

“ஹவில்தாரே, அது வெடிச்சிருந்தா நான் எந்த ஸ்டேட்டுல விழுந்திருப்பேன்?”

ஏரை நோக்கி நடந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ரெண்டுலயும்.”