யானை தண்ணீரைக் கடித்தது

ஓரகத்தியைப் புகழ்ந்து பேசுகிறவளை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் பேசியதில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அதனால் எனக்கு அக்கா முறை. பதினாலு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டால் மூன்று வருடம் கழித்துத் தேதியோடு திருப்பிக் கொடுப்பாள். அவளிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கல்யாணமான முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியைக்குத்தான் புரியவில்லை.

ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வாங்க வருகிறவர்களில் சிலர், சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். அக்கா முழுசாகக் கேட்டுக்கொள்வாள். மேசைக்கு அடியிலிருந்து வேறோர் அட்டையை எடுத்து மாட்டுவாள். அதே அளவு எழுத்து, வேறு வரிசை. "இப்ப சொல்லுங்க" என்பாள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். கையும் களவுமாகப் பிடிப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

அந்தப் பழக்கம்தான் வீட்டிலும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள் பாடப்புத்தகத்தில் விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியையே எழுதி, பள்ளியே அச்சடித்த புத்தகம். வாசிப்பில் ஒரு தடங்கல் இல்லை. ஆனால் விரல் இரண்டாம் வரியில் இருந்தது, வாய் நாலாம் வரியில் இருந்தது. அக்கா அதே வாக்கியங்களை ஒரு தாளில் வரிசை மாற்றி எழுதிக் கொடுத்தாள். குழந்தை பழைய வரிசையிலேயே ஒப்பித்தது. படத்தைக் கையால் மறைத்தாள். 'மரம்' என்று இருந்த இடத்தில் 'மயில்' என்றது. என் மகளும் அதே வகுப்புதான். அவளுக்குத் தாள் எழுதிக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனோம். நான் துணைக்கு.

"எழுத்து எழுத்தா கூட்டிப் படிக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார் தலைமையாசிரியை. "படத்தைப் பாக்கணும், ஊகிக்கணும். வாசிப்பு தானா வரும்."

"வரலியே மேடம்."

"அப்ப கண்ணுல கோளாறு."

"அதைப் பாக்குறதுதான் மேடம் என் வேலை. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வீட்டுல கோளாறு. நாள் பூரா கடையில நின்னா பிள்ளைய யாரு பாப்பா? கண்ணாடி விக்கிறவங்க கண்ணாடிய விக்கணும். பாடத்தை நாங்க பாத்துக்கிறோம்."

அக்கா சுவர் நாட்காட்டியில் தேதியைப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்துதான் எனக்குப் பயம் வந்தது.

சனிக்கிழமைகளில் கடைக்கு ஒரு கண் மருத்துவர் வருவார். கண்ணில் குறையே இல்லாத பிள்ளைகளை 'வாசிக்க வரவில்லை, கண்ணாடி கொடுங்கள்' என்று அழைத்து வருகிறார்களே என்று அவருக்கும் எரிச்சல். பல நாடுகளில் வருடக்கணக்காக நடந்த ஆய்வுகளைத் தாள் தாளாக எடுத்துக் கொடுத்தார். பேச்சு தானாக வரும், வாசிப்பு அப்படி வராது. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒலியை வரிசையாகச் சொல்லிக் கொடுத்து, ஒலிகளைச் சேர்த்து வாசிக்கப் பழக்க வேண்டும். அதுதான் சாரம். அக்கா தாள்களின் ஓரமெல்லாம் கோடு போட்டாள்.

தினமும் காலையில் கால் மணி நேரம், வேலைக்குக் கிளம்பும் முன். கொம்பு வைத்த எழுத்துதான் குழந்தையைப் பாடாய்ப் படுத்தியது.

"கொம்பு முன்னாடி நிக்கும். ஆனா பின்னாடி இருக்கிற எழுத்து வாயைத் திறந்தாத்தான் அதுக்குச் சத்தம் வரும்."

"அப்புறம் ஏம்மா அது முன்னாடி வந்து நிக்குது?"

"உங்க மேடம் மாதிரின்னு வச்சுக்க."

ஊகிக்க முடியாதபடி அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் கொடுப்பாள். தொபி, கேலு, மிசோ. முதல் வாரம் இருபதுக்கு இரண்டு சரி. மூன்றாம் மாதம் பதினேழு.

ஆனால் ஒப்பிப்பதை விட்டு நிஜமாக வாசிக்கத் தொடங்கியதும் குழந்தையின் வேகம் போய்விட்டது. வகுப்பே கோரஸாகப் பாய்ந்து போகும்போது இவள் மட்டும் எழுத்தெழுத்தாகப் பின்னால் வந்தாள். மதிப்பீட்டு அட்டையில் சிவப்பு மையில் வந்தது: 'தாயின் தலையீட்டால் வாசிப்பு கெட்டுவிட்டது. அடுத்த ஆண்டு பின்னறை வகுப்பு.'

பின்னறை என்பது சாமான் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை அறை. மந்தமான பிள்ளைகள் என்று ஒதுக்கியவர்களை அங்கே உட்கார வைப்பார்கள். அங்கே போன பிள்ளை எதுவும் மற்ற வகுப்புக்குத் திரும்பியதில்லை. அக்கா அந்த அட்டையைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். புடவை எடுக்கும்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் எடுப்பாள்.

ஒரு காலையில் என் சமையலறைக்குப் புத்தகத்தோடு வந்தாள். பதினாலாம் பக்கம். ஆற்றில் தும்பிக்கையை விட்டபடி ஒரு யானை. கீழே 'யானை தண்ணீரைக் கடித்தது' என்று அச்சாகியிருந்தது. 'கு' வர வேண்டிய இடத்தில் 'க'. நான்கு வருடமாக அந்தப் புத்தகம்தான். அத்தனை வருடமும் வகுப்பு வகுப்பாக எல்லாரும் 'குடித்தது' என்றுதான் கத்தியிருக்கிறார்கள், எழுதியவர் உட்பட.

"போய்ச் சொல்லிடலாமேக்கா."

"சொல்றதா? பொத்திப் பொத்தி வச்சுக்கப் போறேன்."

மகளிடமும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை வீட்டில் தொடவிடவும் இல்லை. தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினாள்: ஆண்டு இறுதிப் பெற்றோர் கூட்டத்தில் என் மகள் யானைப் பாடத்தை வாசிக்கட்டும். தப்பாக வாசித்தால் நானே கையைப் பிடித்துப் பின்னறையில் விடுகிறேன். அவர் உடனே சம்மதித்தார். அந்த வாய்க்கு எல்லார் முன்னாலும் பூட்டுப் போடலாம் என்ற ஆசை.

கூட்டத்தன்று குழந்தை மேடையில் ஏறியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வகுப்பில் கத்திப் பழகிய சொல்லே வாயில் வந்துவிட்டால் மூன்று மாத உழைப்பும் போச்சு, மகளும் பின்னறைக்குப் போவாள்.

"யானை... தண்ணீரைக்..."

நின்றாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி எழுத்தைப் பார்த்தாள். அக்காவின் நகம் என் தோலில் இறங்கியது.

"க... டித்... தது. கடித்தது."

முதலில் சிரித்தது தலைமையாசிரியை. பிறகு அரங்கமே சிரித்தது.

"படத்தைப் பாரும்மா! யானை தண்ணியக் கடிக்குதா?" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. "பாத்தீங்களா? எல்லாம் தெரியும்னு நினைக்கிற அம்மாக்களால வர்ற வினை இது. பின்னறைதான் இதுக்கு மருந்து."

நான் அக்காவை முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. மேடையில் குழந்தை புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டது. சிரிப்பு முழுசாக ஓயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அக்கா எழுந்தாள்.

"எல்லாரும் உங்க பிள்ளைங்க பையில இருந்து புத்தகத்தை எடுங்க. பதினாலாம் பக்கம்."

தாள்கள் புரண்டன. பின்வரிசையில் யாரோ மெதுவாக, "கடித்தது" என்றார்கள்.

"மேடம், இப்ப நீங்க படிங்க. படத்தைப் பாக்காம."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா விடவில்லை. "சத்தமா, மேடம்." அவர் படித்தார். இரண்டாம் முறையும் படிக்க வைத்தாள்.

"நாலு வருஷமா இந்தப் புத்தகத்தை இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தருமே வாசிக்கல" என்றாள் அக்கா. "இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு குழந்தை வாசிச்சிருக்கு. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சீங்க."

அன்று மாலை என் மகளுக்கு நானும் வாக்கியங்களை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அட்சரம் பிசகாமல் பழைய வரிசையிலேயே ஒப்பித்தாள். ஆத்திரத்தில் அழுதேன். அந்த வாரமே நாற்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டோம். புத்தகம் போனது, பின்னறை போனது, எழுத்தொலிப் பாடம் வந்தது. அட்டையில் இருந்த சிவப்பு வரியைத் தலைமையாசிரியை தன் கையாலேயே அடித்துக் கையெழுத்திட்டார். கோடு மெல்லியதாக இருக்கிறது என்று அக்கா இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள்.

அன்று கூட்டம் முடிந்து திரும்பும்போதே பேருந்தில் குழந்தை கேட்டிருந்தது.

"அந்தப் பக்கத்துல தப்பு இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அப்ப எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சப்ப நீ ஏன் உடனே எந்திரிக்கல?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், இறங்கும் இடம் வரும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பல மாதம் கழித்து ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "அதுல வருத்தமாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அவ கேட்டதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல" என்றாள்.

துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஆனா அந்தம்மாவ இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்க விட்டிருக்கலாம்."