ருக்மணி சொல்லாமல் விட்டது

மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் ருக்மணி. கன்னடமும் தெலுங்கும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷையும் ஒப்பேற்றிவிடுவாள். கம்பெனியை மூடியதும் அஞ்செட்டிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டாள். அங்கே மலையூர்களுக்குப் போகும் ஒரு கிறிஸ்தவ சேவை அமைப்பின் மருத்துவ ஜீப்பில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது.

ஜீப்பின் நர்ஸ் மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி. இரண்டு வருஷ சேவைக்கு வந்தவள். ராகிக் களியை மெல்லாமல் விழுங்கப் பழகியிருந்தாள். ஆறே மாதத்தில் ஊர்க்காரர்கள் அவளைக் கண்டால் சிரித்தார்கள். அந்த உறவில் பாதி ருக்மணியின் நாக்கு கட்டிக்கொடுத்தது என்பது மரிசெல்லுக்குத் தெரியாது. மாத்திரை வேண்டாம் என்று எவராவது முகத்தில் அடித்தாற்போல் சொன்னால், "அப்புறம் போட்டுக்கிறாங்களாம் சிஸ்டர்" என்பாள் ருக்மணி. யார் மனசும் நோகக் கூடாது அவளுக்கு.

ஐப்பசியில் ஒருநாள் வெங்கடம்மாள் வீட்டுக்குப் போனார்கள். மருமகள் அனிதாவுக்கு எட்டு மாதம். கால் வீங்கி, கொலுசு சதையில் புதைந்திருந்தது. மரிசெல் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டால் வலிப்பு வரும். தாயும் பிள்ளையும் செத்துப்போகலாம். சொல்லு."

அனிதா ருக்மணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவைச் சொல்ல ருக்மணிக்கு நாக்கு எழவில்லை.

"கொஞ்சம் பிரஷர் இருக்குதாம் சின்னம்மா. ஆஸ்பத்திரியில காட்டச் சொல்றாங்க" என்றாள் வெங்கடம்மாளிடம்.

வெங்கடம்மாள் முறத்தை ஓரமாக வைத்தாள். "தலைப்பிள்ளைக்குக் கால் வீங்கத்தான் செய்யும். புள்ளைய பயங்காட்டாத. இந்தம்மா இனி எங்க வூட்டுக்கு வரவேணாம்னு சொல்லிடு."

"என்ன சொல்கிறார்கள்?" என்றாள் மரிசெல்.

"போச்சம்பள்ளியில இருந்து மகன் வந்ததும், இன்னிக்கே கூட்டிட்டுப் போறாங்களாம்."

மரிசெல் வெங்கடம்மாளின் கையைப் பற்றினாள். வெங்கடம்மாள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள். இறக்கம் முழுக்க ருக்மணி மறுநாள் போகவேண்டிய ஊரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அடுத்த ஊர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னாள்: "அனிதாவுக்குக் கண்ணு மங்குதாம். விடிஞ்சதுல இருந்து ஒரே தலைவலியாம்."

அப்படியானால் அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். ஜீப்பில் ஏறியதும் ருக்மணி எல்லாவற்றையும் மரிசெல்லிடம் கொட்டிவிட்டாள். மரிசெல் டிரைவர் எல்லப்பனின் தோளைத் தட்டி, மேலே அனிதாவின் ஊர்ப் பக்கம் கை காட்டினாள்.

பாதி வழியில் எல்லப்பன் இன்ஜினை அணைத்தான். வளைவுக்கு அப்பால் மூங்கில் முறிந்தது. யானைகள். இருபது நிமிஷம் யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஒவ்வொரு முறிவுக்கும் மரிசெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

யானைகள் விலகியபின் போய்ச் சேர்ந்தபோது அனிதா வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அனிதாவின் உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. மரிசெல் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி போட்டாள். ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அனிதா பிழைத்தாள். குழந்தை இல்லை.

மூன்றாம் நாள் வார்டுக்கு வெளியே வெங்கடம்மாள் கேட்டாள்: "உசுருக்கு ஆபத்துன்னு அந்தம்மா அன்னிக்கே சொன்னாங்களா?"

"சொன்னாங்க சின்னம்மா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

வெங்கடம்மாள் எழுந்து போய், எதிர் பெஞ்சில் இருந்த மரிசெல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க எழுந்த ருக்மணியை, அங்கேயே இரு என்று கையமர்த்தினாள்.

இப்போதும் ருக்மணி அதே ஜீப்பில்தான் போகிறாள். வசவானாலும் வார்த்தை மாறாமல் சொல்கிறாள். ருக்மணியைக் கண்டால் முன்போல் யாரும் சிரிப்பதில்லை. வெங்கடம்மாள் வீட்டுக்கு மட்டும் மரிசெல் தனியாகப் போய் வருகிறாள். ருக்மணி வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள்.